ரோட்டர் இல்ல, ரொட்டேட்டர்

— ரோட்டர் இல்ல தங்கச்சி, ரொட்டேட்டர். இன்னொருக்காச் செல்லுங்க பாப்பம்.

— ரோட்டேட்டரு.

— ரொட். ரொட்டேட்டர்.

— எனக்கு அது வாயில நொழையலீங்க ஸரூக் நானா. கம்பத்து அடியில ஒக்காந்திருக்கே, அந்தப் பொட்டியத்தானே சொல்றீங்க? அதுக்குப் பேரு எதா இருந்தா என்னங்க. எங்கம்மா பேசுறது இன்னிக்கிக் கேக்குமா கேக்காதா, அத மட்டும் சொல்லிருங்க.

— அதுக்குத்தானே வாறேன். மேல ஏரியல் ஈக்குது, மீன் முள்ளு மாதிரி. அது உங்கட உம்மா ஈக்கிற ஊர்ப் பக்கம் திரும்பினாத்தான் சத்தம் வரும். ஒவ்வொரு முறையும் பின்பக்கத்து மேட்டுல ஏறிக் கையால திருப்ப ஏலாது எண்டு, கடையில இருந்தபடியே சுவிச்சு போட்டுத் திருப்புறதுக்குத்தான் அந்த மோட்டர்ப் பொட்டி. பழைய தொரை சீமைக்குப் போகக்குள்ள எனக்குத் தந்துட்டுப் போனது. அதுக்குப் பேரு ரொட்டேட்டர். போன கிழமை இடி இடிச்சதுல அது செத்துப் போச்சு. விளங்கிச்சா?

— வெளங்குதுங்க.

— ரோட்டர் எண்டா அது வேற சாமான். இந்தா, கையில வெச்சுப் பாருங்க. இதுதான் ரோட்டர்.

— இதா? கட்டவெரலு அளவுகூட இல்லீங்களே.

— கார் என்ஜினுக்குள்ள சுத்துற சாமான். என்ட மச்சான் காமில், கொழும்புக்குப் போறவன்கிட்ட ரொட்டேட்டருக்கு மோட்டர் கேட்டு வாங்கிட்டு வா எண்டேன். அவன் கார் சாமான் விக்கிற கடைக்குப் போய் ரோட்டர் கேட்டீக்கிறான். அவங்களும் நல்ல மனுசங்க, கேட்டதை ஒழுங்காச் சுத்திக் குடுத்தீக்கிறாங்க.

— சிரிக்கக் கூடாதுங்க. ஆனா இத வச்சு அவ்வளோ பெரிய கம்பத்த எப்படிங்க திருப்புறது?

— அதத்தான் நானும் அவன்கிட்டக் கேட்டேன். ஒரு எழுத்துப் பிழை தங்கச்சி. பேரைச் சரியாச் செல்லினா சாமான் சரியா வரும். பேரு பிழைச்சா எல்லாம் பிழைச்சுப் போகும். இந்த ஊருல அது ஒருத்தருக்கும் விளங்குதில்ல.

— என்ட தம்பிய வாற போறவங்களுக்கெல்லாம் காட்டிக் குடுத்து முடிஞ்சிச்சா?

— இந்தா, ஜெனீரா வந்துட்டா. தம்பிக்கு வழக்குப் பேச.

— வழக்கு என்னத்துக்கு? அவன் திரும்பக் கேக்கக்குள்ள ரோட்டர் எண்டு செல்லி அனுப்பினதே நான்தான். நாள் முழுக்க அந்த இரும்புக்கூட்டுக்குள்ள இருந்து எத்தனை சாமான் பேரு செல்றீங்க. ஒண்டு மாறிப் போச்சு. அவன் பாவம், மாத்திக்கொண்டு வர இண்டைக்குத் திரும்பவும் போயீக்கிறான். நீ இப்படி வா புள்ள, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. மாரியாயிதானே பேரு?

— ஆமாங்க ராத்தா. நமுனுகுலயிலேருந்து வர்றேன். பஸ்ஸெறங்கி நடந்து வந்ததுல காலெல்லாம் சேறு. ஒங்க பின்பக்கத்துல தண்ணி கொட்டுற பீலியில கழுவிக்கிட்டுத்தான் உள்ள வந்தேன். சொல்லாமப் போயிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

— பீலித் தண்ணிக்கு என்ன உத்தரவு. தேத்தண்ணி ஊத்தவா?

— இருக்கட்டுங்க ராத்தா. அம்மாகூடப் பேசிட்டுக் குடிக்கிறேன்.

— பேசிட்டு எண்டு செல்லாதீங்க தங்கச்சி. அதையும் முதல்லயே விளங்கப்படுத்தணும். மைக்குல கதைக்க லைசன் ஈக்கிறது எனக்குத்தான். மத்தவங்க வாய் வைக்கக் கூடாது எண்டு சட்டம். நீங்க கேக்கலாம். செல்ல வேண்டியதை எனக்கிட்டச் செல்லுங்க, நான் அந்தப் பக்கம் செல்லுவேன்.

— சரிங்க. ஆனா நானா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. பாண் விக்கிறவரு எங்க லயத்துக்கு வந்து, "பதுளையில ஸரூக் நானாவோட கடையில ஒங்கம்மா ரேடியோவுல பேசப் போறாங்களாம், ஞாயித்துக்கெழம வரச் சொன்னாரு"ன்னு சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஒங்கம்மா இப்ப ரேடியோவுல பாட்டுப் படிக்குதான்னு கேட்டாரு. ஒங்களுக்கு எப்படிங்க எங்கம்மாவத் தெரியும்?

— எனக்குத் தெரியாது. கோத்தகிரியில ஒரு டொக்டர் ஈக்கிறார், என்ட ரேடியோக் கூட்டாளி. முகத்தை நான் கண்டதில்ல, குரல்தான். என்னைப் போல அவருக்கும் வீட்டுக் கூரையில முள்ளு. போன கிழமை கதைக்கக்குள்ள கேட்டார், "உங்கட ஊரு பதுளைதானே, எனக்கிட்ட மருந்தெடுக்கிற ஒரு பொம்புள அந்தப் பக்கத்திலேருந்து கப்பல்ல வந்தவ. மகளை விட்டுட்டு வந்துட்டேன் எண்டு எந்த நேரமும் அதே கதை. தேடிப் பாக்க ஏலுமா" எண்டு. பேரெல்லாம் உங்கட தம்பிதான் டொக்டருக்குச் செல்லீக்கிறார். உம்மாட பேரு பெரியாயி, தம்பி அழகர், மகள் மாரியாயி, மருமகன் வீரய்யா, நமுனுகுல. நான் எழுத்துக்கு எழுத்துக் கேட்டு எடுத்தேன். சரிதானே?

— அப்படியே சரிங்க. அப்பாவப் பெத்த பாட்டி பேரு மாரியாயி. அதத்தான் எனக்கு வச்சாங்க.

— பாத்தியா ஜெனீரா, பேரு சரியா ஈந்தபடியாத்தான் ஆளு சரியா வந்தீக்குது. பாண்காரர் எத்தனை தோட்டத்துக்குப் போறவர். ரோட்டர் மாதிரி ஒரு எழுத்து மாறீந்தா வேற யாரோ வந்து நிண்டீப்பாங்க.

— நல்ல கதை. அது என்ன புள்ள மடியில, துணியில சுத்தி வெச்சீக்கிறது?

— கூடைக் கயிறுங்க ராத்தா. தேயிலக் கொழுந்துக் கூடைய தலையில மாட்டுற கயிறு. அம்மா மாட்டிக்கிட்டிருந்தது. போகையில சொவத்துல ஆணியில மாட்டிட்டுப் போயிருச்சு. அன்னையிலேருந்து நான் இதுலதான் கொழுந்து எடுக்கறேன். அம்மாவுக்குக் காட்டலாம்னு எடுத்தாந்தேன்.

— தங்கச்சி, இது ரேடியோ. குரல் மட்டுந்தான் போகும்.

— அய்யய்யோ, ஆமாங்கல்ல. கம்பத்துல முள்ளப் பாத்ததும் டீவின்னு நெனச்சுட்டேன்.

— நீங்க மட்டுமா. இந்தத் தெருவே அப்படித்தான் நினைக்குது. பின்னேரமானா கடை வாசல்ல வந்து நிண்டு படம் எப்ப தொடங்குது எண்டு கேக்கிறாங்க.

— சிரிக்காதீங்கோ, புள்ளட முகம் வாடிப் போச்சு. கயிறைப் பத்தி இவர் டொக்டர்கிட்டச் செல்லுவார் புள்ள. வேற என்ன செல்லணும்?

— சொல்றதுக்கு நெறைய இருந்துச்சுங்க ராத்தா. பஸ்ஸுல வர்றப்ப எல்லாத்தையும் வரிசையா நெனச்சுக்கிட்டே வந்தேன். இப்ப ஒண்ணுமே வேணாம்னு தோணுது. அம்மா என்னயக் கூப்பிடணும். ஒரு தரம் கூப்பிட்டாப் போதும்.

— கூப்பிட்டாப் போதுமா? அதுக்கா இவ்வளவு தூரம்?

— ஆமாங்க. எந்த நாட்டுப் பிரஜைன்னு கேட்டப்ப அம்மாவும் தம்பியும் இந்தியாவுக்கு எழுதிக் குடுத்தாங்க. எங்க வீட்டுக்காரரு குடும்பம் இலங்கைக்கு எழுதிருச்சு. நான் கட்டுனவரு பக்கந்தானே நிக்கணும். அம்மாவால அத தாங்க முடியல. பதுள ஸ்டேசன்ல ரயிலு நிக்கிது. லயத்துச் சனமெல்லாம் ஒருத்தர ஒருத்தர் கட்டிப் புடிச்சு அழுவுது. நான் ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். அம்மா என்னயப் பாத்து, "ஒனக்கு இந்த மண்ணுதான் பெருசாப் போச்சு, அதையே கட்டிக்கிட்டு அழு"ன்னு சொல்லிட்டு மூஞ்சத் திருப்பிக்கிருச்சு. ரயிலு நகந்துச்சு. நான் கூடவே ஓடுனேன். அம்மான்னு கூப்பிட்டேன். திரும்பவே இல்ல.

— அல்லா. பெத்த மனசு புள்ள, கோபத்துல ஒண்டும் ஈக்காது.

— அதத்தாங்க நானும் எனக்கே சொல்லிக்கிறது. தம்பி காயிதம் போடுவான். அம்மாவுக்கு இருமல்தான், மத்தபடி சொகம், ஒன்னயக் கேட்டுச்சுன்னு எழுதுவான். அவன் எனக்கு ஆறுதலுக்குத்தான் எழுதுறானோ என்னமோ. கோவம் போச்சா போகலையான்னு காயிதத்துல தெரியாதுங்க. அம்மா என்னயக் கூப்பிடுறப்பத் தெரிஞ்சுரும். சின்னதுலேருந்து அப்படித்தான். மலையில தேயில நாலு நெரைக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடும். கூப்பிடுற விதத்துலயே, அடி விழுமா, சோறு கெடைக்குமான்னு நான் சொல்லிருவேன்.

— சரி. அப்ப அதுதான் முதல் வேலை. டொக்டர் வந்த உடனே செல்றேன். உம்மாவை மைக்குக்குக் கிட்ட உக்கார வெச்சு, வேற கதை ஒண்டும் வேணாம், மகளைக் கூப்பிடச் செல்லுங்க எண்டு. நான் போய்க் கம்பத்தை ஒருக்காப் பாத்துட்டு வாறேன். பொட்டிட ஆணியைக் கழட்டி விட்டா கையால திருப்ப ஏலுமா தெரியல்ல. ஜெனீரா, ஆணி கழட்டுற சாவி எங்க, பெரிய சாவி?

— உங்கட கையிலதான் ஈக்குது.

— ஓ. சரி.

— போறார் பாரு புள்ள. மனசு இளகிட்டா இவருக்குக் கையில ஈக்கிறது கண்ணுக்குத் தெரியாது. நீ அழாத.

— அழலீங்க ராத்தா. நானா நல்ல மாதிரி.

— நல்ல மாதிரிதான். இந்தப் பேர்ப் பைத்தியம் ஒண்டைத் தவிர. ஆணிக்குப் பேரு, கம்பிக்குப் பேரு, காத்துல போற அலைக்குப் பேரு. நான் பிழையாச் செல்லினா சோத்தை வெச்சிட்டுத் திருத்துவார். ஆனா இவர்ட பேரை நான் கலியாணம் முடிச்ச நாளிலேருந்து வாயால செல்லினதே இல்ல. இஞ்ச பாருங்கோ, அவ்வளவுதான். ஒரு நாள் லைசன் பாக்கிற ஐயா வந்தார். ரேடியோ யாருட பேருல ஈக்குது எண்டார். நான் சொவத்தைக் காட்டினேன். சொவத்துல லைசன் தொங்குது. அவர் சொவத்தைப் பாக்கிறார், என்னைப் பாக்கிறார். ஊமை எண்டு நினைச்சுட்டுக் கையால சாடை காட்டத் தொடங்கிட்டார்.

— ஹூம். எங்கம்மா ஒங்களுக்கும் மேலங்க ராத்தா. அப்பா பேரு மட்டுமில்ல, மாமியா பேரயும் சொல்லாது. எங்க தோட்டத்து மேட்டுல மாரியம்மன் கோயில் இருக்குல்லீங்க, திருவிழாவுக்கு எல்லாரயும் கூப்பிடும். ஆனா சாமி பேரச் சொல்லாது. "மேட்டுக் கோயிலுக்கு நேரமாச்சு, கெளம்புங்க"ன்னுதான் சொல்லும். சாமிக்கும் மாமியாவுக்கும் ஒரே பேராப் போச்சே. காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக் களத்துல கங்காணி வேணும்னே வந்து, "பெரியாயி, மேட்டுல இருக்குற சாமிக்கு என்ன பேரு"ன்னு கேப்பாரு. அம்மா கூடையத் தூக்கிக்கிட்டுப் போயிரும்.

— சாமிட பேரைக்கூடவா?

— சாமி பேரையேதாங்க. பாட்டி செத்த பொறகும் சொன்னதில்ல.

— ஜெனீரா, ஜெனீரா. ஜன்னலைத் திற.

— திறந்துதான் ஈக்குது. என்ன, கத்துறீங்க?

— பொட்டிய விட்டுக் கம்பம் கழண்டுட்டு. கையால சுத்துது. ஆனா நிக்குதில்ல. நமுனுகுலப் பக்கமிருந்து காத்து அடிக்கிது, விட்ட உடனே திரும்பிப் போகுது. ஒரு ஆளு புடிச்சிட்டே நிக்கணும்.

— நான் வாறேன்.

— உன்ட இடுப்பு நோவோடயா? போன முறை வாளி தூக்கினதுக்கே மூணு நாள் படுத்த. காமில் இருந்தாலாவது.

— நானா, நான் புடிக்கிறேங்க.

— நீங்க கேக்க வந்தவங்க தங்கச்சி. கம்பம் மேட்டுல ஈக்குது, ரேடியோ உள்ள ஈக்குது. புடிச்சிட்டு எப்படிக் கேக்கிறது?

— ஜன்னல்தான் தொறந்திருக்கே. சத்தத்தக் கூட்டி வைங்க. நாலு நெரைக்கு அந்தப் பக்கம் எங்கம்மா கொரலு கேட்டு வளந்த காதுங்க இது. கூடை தூக்குற கையி. கம்பமா எனக்குப் பெருசு?

— இவ செல்றதும் சரிதானே. ஸ்பீக்கரை ஜன்னல்ல தூக்கி வெச்சா மேட்டுக்குக் கேக்கும். நான் ஜன்னலடியில நிக்கிறேன். கேக்காத சொல்லை நான் செல்லுவேன்.

— டொக்டர் வாற நேரமாச்சு. வேற வழியில்ல. வாங்க தங்கச்சி, இப்படிப் பாத்து ஏறுங்க, வழுக்கும். இதான் கம்பம். இந்த இடத்துல ரெண்டு கையாலயும் புடிங்க. ஏரியல்ட மூக்கு கண்டிப் பக்கம் பாக்கணும். அந்தா, அந்த மலை இடுக்கு தெரியுதா, அதுக்கு நேர.

— கண்டிப் பக்கமாங்க?

— ஓம். கோத்தகிரி இங்கயிருந்து அந்தப் பக்கந்தான்.

— சரியாத்தான் இருக்கு. அம்மா பாஸ்போட்டு எடுத்தது கண்டியில. கப்பலுக்குப் போனதும் கண்டி வழியா. அந்தப் பக்கம் பாத்துத்தான் நானும் நிக்கணும். நானா, இந்தக் கயித்தால கம்பத்த ஒரு சுத்துச் சுத்தி இழுத்துப் புடிச்சுக்கவா? கை வழுக்குனாலும் கயிறு விடாது.

— உம்மாட கயிறா? நல்ல யோசனை. காட்டத்தான் ஏலாது எண்டேன், வேலைக்கு உதவட்டும். அசைச்சிராதீங்க, விளங்கிச்சா? அசைஞ்சா குரல் போயிரும்.

— அசைய மாட்டேங்க. நீங்க உள்ள போங்க.

— புள்ள, நான் ஜன்னல்ல நிண்டு கதைக்கிறது கேக்குதா?

— கேக்குதுங்க ராத்தா. அந்த இரைச்சலும் கேக்குது. மழ பெய்யிற மாதிரி.

— அதுதான் இந்த வீட்டுல எனக்குத் தாலாட்டு. இரு, இவர் கூப்பிடத் தொடங்கிட்டார்.

— ராத்தா, யாரோ பேசுறாங்க. ஆம்பளக் கொரலு. அதான் டொக்டருங்களா?

— ஓம், அவர்தான். நல்லா வருது எண்டு இவர் கையைக் காட்டுறார். கொஞ்சம் கூட அசையாத.

— வணக்கம்னு சொன்னாருங்க, காதுல கேட்டுச்சு. நல்ல தமிழு. அம்மா பக்கத்துல இருக்கான்னு கேக்கச் சொல்லுங்க.

— கேக்கிறார், கேக்கிறார்.

— ராத்தா.

— என்ன புள்ள?

— சத்தம் நின்னுருச்சுங்க. இரைச்சலும் இல்ல. நான் கம்பத்த அசைச்சிட்டனா?

— இல்ல இல்ல. நீ ஒண்டும் செய்யல்ல. டொக்டர் ஏதோ செல்லினார், இவர் ஸ்பீக்கரை நிப்பாட்டிட்டுக் காதுல மாட்டிட்டார்.

— ஏங்க?

— கரகரப்பாக்கும். இரு, கேட்டுட்டு வாறேன்.

— ராத்தா, இருக்கீங்களா?

— ராத்தா.

— இஞ்சதான் ஈக்கிறேன் புள்ள.

— அம்மா வந்துருச்சுங்களா? நானா என்ன பேசுறாரு?

— கதைச்சிட்டு ஈக்கிறார். முதுகைக் காட்டிட்டு ஈக்கிறார், எனக்கு ஒண்டும் தெரியல்ல.

— ஒங்க கொரலு ஏன் ஒரு மாதிரியா இருக்கு?

— தடிமன் புள்ள. ஜன்னல்ல நிண்டது, குளிர்காத்து.

— சால்வையப் போட்டுக்கிருங்க. கயிறு நல்லாப் புடிச்சுக்கிச்சுன்னு நானாகிட்டச் சொல்லுங்க. கம்பம் ஒரு மயிரிழை அசையல. எவ்வளோ நேரம்னாலும் நிப்பேன். அம்மாவ அவசரப்படுத்த வேணாம்.

— தங்கச்சி, நான் ஸரூக் கதைக்கிறேன். கேக்குதா?

— கேக்குதுங்க நானா. அம்மா?

— டொக்டரோட கதைச்சேன். உங்கட தம்பியும் அவர் வீட்டுக்கு வந்தீக்கிறார்.

— அழகரா? அவன் வேலைக்குப் போகாம வந்துட்டானா. அம்மாவுக்கு அந்த இருமல் எப்படி இருக்காம்?

— இருமல் இப்ப இல்லையாம்.

— நெஜமாவா. ராத்திரியெல்லாம் இருமுதுன்னு எழுதியிருந்தானே. இப்ப தூங்குதாமா?

— ஓம். நல்லாத் தூங்குறாங்களாம்.

— நெஞ்சு நோவு?

— ஒரு நோவும் இல்லையாம் தங்கச்சி. எல்லாம் லேசாப் போச்சாம். டொக்டரே செல்லினார்.

— சாமி. மேட்டுக் கோயிலுக்குத் தேங்கா ஒடைக்கணும். நானா, கயித்தப் பத்தி சொன்னீங்களா?

— செல்லினேன். உங்கட கயித்துலதான் மகள் இண்டைக்கும் கொழுந்து எடுக்கிறா, அதே கயித்தாலதான் இப்பவும் கம்பத்தைக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறா எண்டு செல்லினேன்.

— அதக் கேட்டு அழுதிருக்கும். அம்மா அப்படித்தான், சத்தமில்லாம அழும். எங்கள விட்டுட்டு வந்துட்டமேன்னு. ஸ்பீக்கரப் போட்டு விடுங்க நானா, கூப்பிடச் சொல்லுங்க.

— அது... லைன் போயிட்டு தங்கச்சி. வானம் மாறிட்டு. இனி இண்டைக்கு வராது.

— போயிருச்சா? கம்பம் அசையலயே நானா. நான் அசையவே இல்லீங்களே.

— உங்கட பிழை இல்ல. கம்பம் நேரத்தான் நிண்டிச்சு. நீங்க இறங்கி வாங்க. கை ரெண்டும் செவந்து போயீக்கும்.

— கூப்பிட்டுச்சுங்களா? போறதுக்கு முந்தி?

— இறங்கி வாங்க. உள்ளுக்கு இருந்து கதைப்பம்.

— வா புள்ள, பாத்து. இப்படிக் கையைக் குடு. யா அல்லா, கையைப் பாரு, கயிறு வெட்டீக்குது. நான் எண்ணெய் பூசி விடுறேன். முதல்ல இந்தா, தேத்தண்ணி. இனிப்புக் கொஞ்சம் கூடப் போட்டேன். குடி.

— குடிக்கிறேங்க ராத்தா. நானா, சொல்லுங்க. நீங்கதானே காதுல கேட்டீங்க. கூப்பிட்டுச்சா?

— முதல்ல குடிக்கட்டும். புள்ள குளிர்ல விறைச்சுப் போய் வந்தீக்கிறா. பொறகு கதைக்கலாமே.

— இல்லீங்க ராத்தா, இந்த ஒண்ணு மட்டும். அதுக்குத்தானே வந்தேன். கோவம் இருந்துச்சா நானா? கொரல்ல?

— இல்ல தங்கச்சி. கோபம் ஒரு துளியும் இல்ல. அதை நான் உறுதியாச் செல்லுவேன்.

— அப்ப கூப்பிட்டுச்சு.

— கூப்பிட்டாங்க.

— எப்படிங்க? எப்படிக் கூப்பிட்டுச்சு?

— ஆசையாத்தான். ஒரு உம்மா மகளைக் கூப்பிடுற மாதிரி.

— என்னன்னுங்க?

— இஞ்ச பாருங்கோ. போதும். நீங்க போய்க் கம்பத்துட ஆணியை இறுக்குங்கோ. காத்து கூடுது.

— இரு ஜெனீரா, பாவம், இவ்வளவு நேரம் நிண்டவ. செல்லாம விட ஏலுமா. "மாரியாயி" எண்டு கூப்பிட்டாங்க தங்கச்சி. ரெண்டு மூணு தரம். "மாரியாயி, என்ட புள்ள மாரியாயி, நல்லா ஈக்கிறியா" எண்டு. தெளிவாக் கேட்டிச்சு.

— பேரச் சொல்லியா?

— ஓம், பேரைச் சொல்லித்தான். ஒரு எழுத்துப் பிழை இல்ல. பேர் விஷயத்துல நான் பிழை விட மாட்டேன், தெரியுந்தானே.

— தெரியுங்க நானா.

— ஏன் புள்ள, கோப்பையை வெச்சிட்ட? ஒரு வாய்கூடக் குடிக்கல்ல. என்னையப் பாரு. மாரியாயி.

— அது பாட்டி பேருல்லீங்களா ராத்தா, உசுரு இருந்தா எங்கம்மா வாயில அது வராது, என்னயச் சின்னாத்தான்னுதான் கூப்பிடும். நானாவ ஒண்ணும் சொல்லாதீங்க, நல்ல மனசோடதான் சொன்னாரு. தேத்தண்ணி இருக்கட்டும், நான் பீலியில போயி தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்துர்றேன்.